மூன்று மணிக்குள் ஒரு கூரை

ஏப்ரல் கடைசியில் விழுந்த ஆலங்கட்டி மழைக்குப் பிறகு, டாலஸை ஒட்டிய காப்பெல்லில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஏணியும் கம்ப்ரஸர் இரைச்சலும்தான். எலுமிச்சங்காய் அளவுக் கட்டிகள், இருபது நிமிடம். அதற்குள் ஊரில் பாதிக் கூரைகளின் ஷிங்கிள்கள் அடிவாங்கிவிட்டன. ஷிங்கிள் என்பது ஓடு போன்றதல்ல. தாரில் ஊறி, முதுகில் பொடிக்கல் ஒட்டிய தட்டையான தகடு. கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஆணி அடித்துக்கொண்டே போனால் மீன் செதிலாகப் படியும். அடிபட்ட இடத்தில் கல் உதிர்ந்து தார் தெரியும். தார் தெரிந்த கூரைக்கு அதிக நாள் ஆயுசு கிடையாது.

சேனாபதி வீட்டில் தண்ணீர் ஏற்கனவே உள்ளே வந்திருந்தது. அதுவும் வந்தது மாடியில் பின்பக்க அறைக்கு, அவன் மனைவி சாந்தி தைக்கிற அறைக்கு. டாலஸ் வட்டாரத்தில் தமிழ்க் கல்யாணம் என்றால் ரவிக்கை தைக்கப் புடவைகள் சாந்தியிடம்தான் வரும். சனிக்கிழமை ஃபிரிஸ்கோவில் ஒரு கல்யாணம். பெண்ணுடையதும் சொந்தக்காரர்களுடையதுமாக முப்பத்திரண்டு பட்டுப்புடவைகள் அந்த அறையில் தொங்கின. மேலே கூரையில் பழுப்பாக ஒரு வட்டம். தினமும் காலையில் சாந்தி முதலில் அந்த வட்டத்தைத்தான் பார்ப்பாள், நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று.

கூரை வேலையை எடுத்தவர் செல்வராஜா. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர், பதினான்கு வருடமாக இந்தத் தொழில். அவர் மனைவி நேசமலர் ஃபோன், பெர்மிட், இன்ஷூரன்ஸ்காரர்கள், சாமான் ஆர்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள். அவர் மேலே, அவள் கீழே. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஏணியின் கடைசிப் படியில் கால் பிசகி விழுந்து கணுக்கால் உடைந்தது. எத்தனையோ செங்குத்தான கூரைகளில் நின்ற மனுஷன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "சின்ன அக்ஸிடென்ட்" என்றுதான் பதில்.

அதனால் அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை அவர் உடைந்த காலில் டாக்டர் மாட்டிவிட்ட பெரிய பூட்ஸோடு சேனாபதி வீட்டு முன்னால் மரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலையை நடத்தியவள் நேசமலர். காலை ஏழு மணிக்கே ராமிரோவும் அவனுடைய ஆட்கள் ஐந்து பேரும் மேலே ஏறிவிட்டார்கள். ராமிரோ ஹோண்டுராஸ்காரன். செல்வராஜாவோடு பத்து வருடம்.

பழைய ஷிங்கிளைப் பல்லுள்ள மண்வெட்டியால் நெம்பித் தள்ளினார்கள். அது கறுப்பு அருவி மாதிரி சரிந்து டிரெய்லரில் விழுந்தது. தாரும் தூசியும் கலந்த வாசனை தெருவெல்லாம். வெயில் ஏறுவதற்குள் பாதியை முடித்துவிடும் வேகம்.

ராமிரோ விளிம்புக்கு வந்து, "செனோரா! ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

நேசமலர் கணவனைப் பார்த்தாள். "என்னப்பா, ரெண்டு பக்கமும் உரிக்கவோ? இரவு மழை எண்டு போட்டிருக்கு."

"இரவு ஒம்பது மணிக்குத்தானே. பின்னேரத்துக்கு இருபது பெர்சன்ட் எண்டு கிடக்கு. உரிக்கச் சொல்லும். டிரெய்லரும் பன்னெண்டு மணிக்குப் போகவேணும்."

"பிறகு மூட நேரம் காணுமோ?"

"ஆறு பேர் நிக்கிறாங்கள். நாலு மணிக்குள்ள ஃபெல்ட் விரிச்சு முடிச்சிடுவாங்கள்."

ஃபெல்ட் என்பது ஷிங்கிளுக்கு அடியில் பலகைமேல் விரிக்கிற, தண்ணீர் புகாத சாம்பல் நிறச் சுருள். அது விரித்துவிட்டால் ஷிங்கிள் அடிக்காவிட்டாலும் ஒரு மழையைத் தாங்கும். நேசமலர் மேலே பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். ராமிரோ விசில் அடித்தான்.

பதினோரு மணிக்கு வீடு மொட்டையாகிவிட்டது. முப்பது வருடப் பலகை வெயிலைப் பார்த்தது. பின் சரிவில், தையல் அறைக்கு நேர் மேலே, மூன்று பலகைகள் பிஸ்கட் மாதிரி ஊறிக் கிடந்தன. ராமிரோ காலால் அழுத்தினான். கால் உள்ளே போயிற்று. அதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை பொருத்தவே ஒன்றரை மணி நேரம் போயிற்று. அதற்குள் ராமிரோவின் தம்பி, மகனுக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது என்று கிளம்பிப் போனான்.

சேனாபதி வீட்டிலிருந்துதான் ஆபீஸ் வேலை பார்த்தான். காதில் ஹெட்செட்டோடு பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வெளியே வருவான்.

"ஏனுங்ணா, நெறைய மரம் கெட்டுப்போச்சுங்களா?"

"மூண்டு பலகைதான் தம்பி. பயப்பிடாதேங்கோ. இண்டைக்கு உரிச்சபடியால்தான் தெரிஞ்சது."

"மீட்டிங்ல என் மேனேஜர் கேக்கறானுங்க, உன் வீட்டுல சண்டையான்னு. அத்தனை சத்தமுங்க."

முன் சரிவில் ஃபெல்ட் விரிக்கத் தொடங்கினார்கள். ஒருவன் சுருளை உருட்ட, ஒருவன் இழுக்க, பின்னாலேயே பிளாஸ்டிக் தலை ஆணிகளைச் சுத்தியலால் அடித்துக்கொண்டு இருவர். இரண்டு மணிக்கு முன்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. "அடுத்தது!" என்று மேலிருந்து குரல் வந்தது. நேசமலர் டிரைவ்வேயில் அடுக்கியிருந்த சாமான் பக்கம் போய்க் கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தூக்கினாள்.

ஷிங்கிள் கட்டுகள் இருந்தன. ஆணிப் பெட்டிகள் இருந்தன. ஓரத் தகடு இருந்தது. ஃபெல்ட் இல்லை.

மறுபக்கம் போய்த் தூக்கிப் பார்த்தாள். டிரக்கின் பின்புறம் பார்த்தாள். ரசீதை எடுத்தாள். நான்கு சுருள் என்று அடித்திருந்தது, அடியில் அவள் கையெழுத்து. நேற்று மாலை லாரிக்காரன் இறக்கும்போது இன்ஷூரன்ஸிலிருந்து ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே எண்ணாமல் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது.

"இஞ்சருங்கோ," என்று கணவனிடம் வந்தாள். "ரெண்டு றோல்தான் வந்திருக்கு. நான் எண்ணேல்லை."

செல்வராஜா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த ஃபோனைத் திருப்பிக் காட்டினார். மழை ரேடாரில் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே சிவப்பாக ஒரு வில்.

"ஒம்பது மணிக்கு வாறதெண்டது இப்ப வருது. மூண்டு மணிக்கு இஞ்ச நிக்கும்."

மணி இரண்டு பத்து.

நேசமலர் சாமான் யார்டுக்கு ஃபோன் போட்டாள். இருக்கிறது, ஆனால் மழைக்கு முன் லாரி கிளம்பாது என்றார்கள். அவளே போய் எடுக்கலாம் என்றால் போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. 635 நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து, மேப்பில் கருஞ்சிவப்பு. ஃபோனை வைத்தாள். நேராக வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சாந்தி கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தாள்.

"சாந்தி, ஒண்டு சொல்லவேணும். மூண்டு மணிக்குப் புயல் வருது. பின்பக்கம் மூட எங்களிட்டச் சாமான் இல்லை. பிழை என்ரைதான், நான் எண்ணாமல் கையெழுத்து வச்சிட்டன். மேல இருக்கிற சீலையெல்லாத்தையும் கீழ கொண்டு வாங்கோ. கெதியா."

சாந்தி ஒரு கணம் மாடிப்படியைப் பார்த்தாள்.

"யாரு பிழைன்னு அப்பறம் பேசிக்கலாங்க்கா. கூரைக்கு என்ன பண்ணப்போறீங்க, அதைச் சொல்லுங்க. தார்ப்பாய் இருக்குதுங்களா?"

"செடிக்கு மேல போட்டது ரெண்டு கிடக்கு. அது ஓட்டை."

"ஏனுங்க!" என்று சாந்தி உள்ளே திரும்பிக் கத்தினாள். "மீட்டிங்கை நிறுத்திட்டு வாங்க! பொங்கல் பேனரெல்லாம் கராஜ்லதான இருக்குது?"

சேனாபதி ஹெட்செட்டைக் கழற்றாமலே ஓடி வந்தான். தமிழ்ச் சங்கத்தில் அவன் இந்த வருடச் செயலாளர். ஜனவரியில் ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்த பொங்கல் விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர்கள், இருபதடிக்குப் பன்னிரண்டடி, நான்கு, அவன் கராஜில் சுருட்டிக் கிடந்தன.

"அக்கா, அது தண்ணி போகாதுங்களா?"

"தம்பி, அது பிளாஸ்டிக்! கொண்டு வாங்கோ, கொண்டு வாங்கோ!" நேசமலர் கையைத் தட்டினாள். "ராமிரோ! லோனா! லோனா கிராண்டே! நாலு!" பெரிய தார்ப்பாய் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் அது.

ராமிரோ மேலிருந்து எட்டிப் பார்த்து, பேனரைக் கண்டு வாய் விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கயிறை இறக்கினான்.

அந்த நாற்பது நிமிடத்தை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது. வீட்டுக்குள் சாந்தியும் அவள் மகள் தென்றலும் கை நிறையப் பட்டுப்புடவைகளை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்கள். "Amma, where do I put these?" என்று பெண் கத்த, "பேன்ட்ரியில வெய்யி! அரிசி மூட்டை மேல! மஞ்சத்தூள் பக்கம் போகாத!" என்று சாந்தி பதிலுக்குக் கத்தினாள். வெளியே சேனாபதி ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்வீட்டுக் கிரீஷ் ஓடி வந்து பேனரின் மறுமுனையைத் தூக்கினான். மேற்கே வானம் பாசி பிடித்த தொட்டி மாதிரிப் பச்சையாகியிருந்தது. காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை.

நேசமலர் கீழிருந்து கணக்குப் போட்டாள். பேனரை விரித்துப் பிடிக்க நாலு மூலைக்கு நாலு பேர். ஆணி அடிக்க இரண்டு பேர், ஒருவன் பேனர்மேல் மரச்சட்டத்தை வைக்க, ஒருவன் அடிக்க. மேலே இருந்தது ஐந்து பேர்.

அவள் டிரக்குக்குப் போய்க் கணவனுடைய பாதுகாப்பு வார்ப்பட்டையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அது அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது.

"மலர்!" செல்வராஜா நாற்காலியிலிருந்து எழும்பினார். "நீர் என்ன செய்யிறீர்?"

"ஒரு ஆள் குறையுது."

"ஏறாதையும்! நீர் ஒருநாளும் ஏறினதில்லை. பன்னெண்டடிக்கு எட்டடி எழும்புற சரிவு அது! மலர், சொல்லுறது கேக்குதே?"

"கேக்குது," என்றாள். கால் ஏணியில் இருந்தது.

"அண்ணா, நான் ஏறட்டுங்களா?" என்றான் சேனாபதி. முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, நீங்கள் ஏணியை விடாதேங்கோ. அதுதான் உங்கட வேலை," என்றாள் நேசமலர் ஏணியிலிருந்தே.

மேலே ராமிரோ அவள் பட்டையை மூன்று இடத்தில் இறுக்கி, கயிறை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு அவள் முகட்டைத் தாண்டிப் பின் சரிவுக்குள் இறங்கி மறைந்துவிட்டாள்.

செல்வராஜாவுக்கு முன்பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார், ஒற்றைக் காலில் ஓட முடிந்த அளவுக்கு. பக்கத்துக் கேட்டில் பூட்ஸ் இடித்தது. பின்தோட்டத்தில் போய் நிமிர்ந்து பார்த்தபோது முதல் பேனர் கீழ் விளிம்பில் விரிந்துகொண்டிருந்தது. விழாவுக்குப் பணம் கொடுத்த ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் கோட்டு சூட்டோடு அதில் சிரித்தார். பக்கத்தில் பொங்கிய பானை. அதன் வாயில் ராமிரோவின் ஆள் ஆணி அடித்தான். நேசமலர் வலது மூலையில் மண்டி போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மலர், முழங்காலைப் பலகையில ஊண்டும்! பேனருக்கு மேல வையாதையும், வழுக்கும்!"

"தெரியும்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"அடுத்தது கீழதுக்கு மேல ஏற வேணும், ஒரு அடி!"

"தெரியும் எண்டு சொன்னனான்!"

இரண்டாவது விரிந்தது. மூன்றாவது விரிந்தது. புதுப் பலகையில் மிஞ்சிய துண்டுகளை ராமிரோ சட்டம் சட்டமாகக் கிழித்து, பேனர் காற்றில் எழும்பாமல் மேலே வைத்து அடித்தான். நான்காவதை விரிக்கும்போது காற்று வந்தது.

அது வருவது முதலில் மரங்களில் தெரிந்தது. தெருக்கோடி மரம் குனிந்தது, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதத் தொடங்கியது. பேனர் உப்பி ஒரு பாய்மரம் மாதிரி எழும்பிற்று. ஒரு மூலையைப் பிடித்திருந்தவன் கை விட்டுவிட்டான். நேசமலரின் கால்கள் பலகையைவிட்டு வழுக்குவதைச் செல்வராஜா பார்த்தார். கயிறு விண்ணென்று இறுகியது. இரண்டடி சறுக்கி நின்றவள் பேனரை விடவில்லை. அதன்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள்.

"அடி! அடி ராமிரோ! ராப்பிடோ, கெதியா! என்ரை கையைப் பாக்காதை, அடி!"

டக், டக், டக், டக்.

கடைசி ஆணி அடிக்கும்போது முதல் துளிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு காசளவு. ஆறு பேரும் முகட்டைத் தாண்டி, முன்பக்க ஏணியில் இறங்கி, கராஜுக்குள் வந்து விழவும் வானம் உடைந்தது.

கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் உள்ளே நின்றார்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் டிரைவ்வேயில் துள்ளின. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ராமிரோ ஸ்பானிஷில் பேசினான். கிரீஷ் ஃபோனில் எடுத்த வீடியோவை எல்லோர் மூக்குக்கும் முன்னால் நீட்டினான். சாந்தி பெரிய பாத்திரத்தில் அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் கொண்டு வந்து இறக்கினாள். காலையிலேயே ஆட்களுக்கென்று வைத்தது, ஒருவரும் தொடவில்லை. ராமிரோவின் ஆள் பையிலிருந்து ஊறவைத்த மிளகாய் பாட்டிலை எடுத்துத் தட்டு தட்டாகப் போட்டான்.

"இது நல்லாருக்குதுங்களே!" என்று சேனாபதி கடித்துவிட்டுக் கண்ணீரோடு சொன்னான்.

நேசமலர் சாப்பிடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சாந்தியோடு மாடிக்குப் போனாள். தையல் அறையில் மெஷினும் வெறும் கம்பியும் மட்டும் இருந்தன. மேலே அந்தப் பழுப்பு வட்டம். இரண்டு பேரும் தலையை அண்ணாந்து நின்றார்கள். கூரையில் மழை முரசாக அடித்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"ஒண்ணும் வரலீங்க்கா," என்று சாந்தி மெதுவாகச் சொன்னாள்.

"பொறுங்கோ."

ஹாலில் பாத்ரூம் குழாய் மேலே போகும் இடத்தில் சொட்டு விழுந்தது. ஒரே ஒரு இடம். சாந்தி அதற்கு அடியில் ஒரு குண்டானை வைத்தாள். திரும்பி வந்து நேசமலரின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். பேனர் கயிறு அறுத்து இரண்டு கையிலும் சிவப்பாகக் கோடு.

"உக்காருங்க. மஞ்சத்தூளு வெச்சுவுடறேன். ஆட்டாதீங்க."

"சீலையில மஞ்சள் படப்போகுது."

"அட, படட்டுங்க்கா," என்றவள், பிறகு யோசித்து, "அய்யோ, வேண்டாங்க," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

புதன்கிழமை ஃபெல்ட் வந்தது. நேசமலர் லாரிக்காரனை நிற்க வைத்து இரண்டு முறை எண்ணினாள். பேனர்களை உரித்து, பலகை காய்ந்த பிறகு பின்பக்கம் விரித்தார்கள். வியாழக்கிழமை ஷிங்கிள். விளிம்பில் தொடக்க வரிசை, அதன்மேல் நீலச் சுண்ணக் கயிறு தட்டிக் கோடு, கோட்டைப் பிடித்து முதல் வரிசை. ஒவ்வொரு தகடுக்கும் ஆறு ஆணி, ஒன்றின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேராக வராதபடி தள்ளித் தள்ளி. ஆணித் துப்பாக்கிகள் ஒன்றையொன்று முந்தின. மதியத்துக்குமேல் நேசமலரும் ஏறினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே பட்டையை மாட்டிக்கொண்டாள். ராமிரோ அவளிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து ஒரு வரிசையைக் காட்டினான். அவள் அடித்த முதல் நான்கை அவன் பிடுங்கி எறிந்தான். ஐந்தாவதை விட்டுவிட்டான். ஐந்து மணிக்கு முகட்டு மூடியும் முடிந்தது. மரக்கலர்க் கூரை மாலை வெயிலில் புதுப் புத்தகம் மாதிரி விறைப்பாக நின்றது. எதிர்வீட்டுக் கிரீஷும் மூலைவீட்டு மரகதம் ஆன்ட்டியும் தங்கள் கூரையையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இந்த இரண்டு நாளும் செல்வராஜா அவளிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். சொன்னதைக் கேட்காமல் ஏறியதற்கா, ஃபெல்ட் எண்ணாததற்கா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வியாழன் மாலை டிரக்கை அவள்தான் ஓட்டினாள். 121 நெடுஞ்சாலையில் ஏறினார்கள். அவர்கள் வீடு இருக்கும் மெக்கின்னிக்கு அரை மணி நேரம். செல்வராஜா கால் பூட்ஸை நீட்டி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பிளேனோ தாண்டும்போது சொன்னார்:

"அண்டைக்கு நீர் வழுக்கேக்க எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. கீழ நிண்டு பாக்கிறது இப்பிடி இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை."

"பதினாலு வருசமாய் நான் அதைத்தான் பாக்கிறனான்," என்றாள் நேசமலர்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு அவள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி. மேல என்ன நடந்ததெண்டு இன்னும் நீர் எனக்குச் சொல்லேல்லை. பின்பக்கம் நாலாவது பேனர் விரிக்கேக்க, என்ன தெரிஞ்சது உமக்கு?"

நேசமலர் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். பசித்தவன் முகம்.

"ஐயோ, அதை எப்பிடிச் சொல்ல!" அவள் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "எல்லாம் தெரிஞ்சது அப்பா. ஏர்போர்ட் தெரிஞ்சது. இறங்க வந்த பிளேன் ரெண்டு அப்பிடியே மூக்கைத் தூக்கித் திரும்பிப் போச்சுது. தண்ணி டாங்கிக்கு அங்கால மழை ஒரு வெள்ளைச் சுவராட்டம் நிக்குது. நடந்து வருது! முதல் ஸ்கூல் இல்லாமல் போச்சுது. பேந்து சேர்ச். பேந்து அந்தத் தெருவில ஒவ்வொரு கூரையாய்... ராமிரோ என்னைப் பாத்து என்னவோ கத்துறான், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, எனக்குச் சிரிப்பு வருது. நம்புவீங்களோ? விழப்போறன், சிரிப்பு வருது!"

"காத்து எந்தப் பக்கத்தால அடிச்சது?"

"மேற்கால. இல்லை, முதல் கீழ இருந்து. பேனருக்குள்ள பூந்து என்னைத் தூக்குது. காலுக்குக் கீழ பலகை இல்லை. அந்த நேரம்..."

அவர்கள் இறங்க வேண்டிய கஸ்டர் ரோடு எக்ஸிட் வலது பக்கம் விரிந்து, பின்னால் போய்விட்டது.

"அட, எக்ஸிட் போட்டுது!" என்றாள்.

"போகட்டும்," என்றார் செல்வராஜா. "பேந்து?"